ஒரு மாநிலத்தின் இருபது ஆண்டுத் திட்டத்தை வரைவது எப்படி

கிருஷ்ணா நதிநீரைச் சென்னைக்குக் கொண்டுவருவதற்கான ஒப்பந்தம் 1983 ஏப்ரலில் கையெழுத்தானது. அந்த நீர் தமிழக எல்லையில் ஊத்துக்கோட்டையை வந்தடைந்தது 1996 செப்டம்பரில்தான். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் தமிழ்நாடு நான்கு சட்டப்பேரவைத் தேர்தல்களைச் சந்தித்தது. இரண்டு முறை குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்துபோனது. எம்.ஜி.ஆர். அரசு கையெழுத்திட்ட பணியின் பலனைக் கருணாநிதி அரசு பெற்றது. நீண்டகாலத் திட்டம் வரைய உட்காரும் எவரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான்: பெரிய பணி எதுவும் ஓர் ஆட்சிக்காலத்துக்குள் முடியாது. ஆகவே, தொடங்காதவர்கள் கையிலும் பணி தொடர்வதற்கான ஏற்பாடே மாநிலத் திட்டம் என்பது. எண்களும் வரைபடங்களும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

இந்த வழிகாட்டி, அத்தகைய திட்டத்தை எழுதும் பொறுப்பில் இருக்கும் அலுவலர்களுக்கும், எழுதப்பட்டதைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டிய மக்கள் பிரதிநிதிகள், ஆய்வாளர்கள், பொதுமக்கள் ஆகியோருக்குமானது. எடுத்துக்காட்டுகளைத் தமிழ்நாட்டிலிருந்தே எடுத்திருக்கிறேன். 1971-லேயே மாநிலத் திட்டக் குழுவை அமைத்துக்கொண்ட மாநிலம் இது. முதலமைச்சரே அதன் தலைவர். ஆனாலும் நெடுங்காலம் ஒவ்வொரு மாநிலத்தின் திட்டமும் டெல்லியில் மத்தியத் திட்டக் குழுவுடன் நடக்கும் பேச்சுவார்த்தையில்தான் உருப்பெற்றது. 2015 ஜனவரியில் அந்தக் குழுவின் இடத்துக்கு நிதி ஆயோக் வந்தது. 2017 மார்ச்சுடன் பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தது. திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பாகுபாடும் வரவு செலவுக் கணக்கிலிருந்து நீங்கியது. கேரளம் ஐந்தாண்டுத் திட்டங்களைத் தானாகவே தொடர்கிறது. மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் தொலைநோக்கு ஆவணங்களோடு நின்றுவிட்டன. டெல்லியின் கட்டுப்பாடு போனதில் சுதந்திரம் கிடைத்தது உண்மை. ஆண்டுதோறும் ஒருவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் அதோடு போய்விட்டது. அந்தக் கட்டாயத்தை மாநிலமே தனக்குத்தானே விதித்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்கே நான் வலியுறுத்த விரும்புவது.

ஏற்கெனவே உறுதியானவற்றை முதலில் எழுதுங்கள்

தொலைநோக்கு ஆவணங்கள் பொதுவாக இலக்குகளோடு தொடங்குகின்றன: இவ்வளவு வளர்ச்சி, இவ்வளவு முதலீடு, இந்த ஆண்டுக்குள் இந்த இடம். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். எந்த அரசு வந்தாலும் நடந்தே தீரக்கூடிய மாற்றங்களை முதல் அத்தியாயத்தில் எழுதினால், அடுத்து வரும் அரசு அந்த அத்தியாயத்தை மறுக்க முடியாது.

மக்கள்தொகை அத்தகைய மாற்றம். 2031-ல் அறுபது வயதைக் கடக்கப்போகும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே பிறந்து, வளர்ந்து, நம்மிடையே நடமாடிக்கொண்டிருப்பவர்கள். தமிழ்நாட்டில் 2021-ல் 13.6 விழுக்காடாக மதிப்பிடப்பட்ட மூத்தோர் பங்கு 2031-ல் 18.2 விழுக்காடாக உயரும் என்று மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புகள் கூறுகின்றன. இந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு துறைதுறையாகக் கேள்வி எழுப்புங்கள். முதியோர் உதவித்தொகைக்கான ஒதுக்கீடு எவ்வளவு உயரும்? நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வாழ்நாள் முழுவதும் மாத்திரை வழங்க வேண்டியவர்கள் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எத்தனை பேர்? தாழ்தளப் பேருந்துகள் எந்தத் தடங்களில் முதலில் ஓட வேண்டும்? மாணவர் சேர்க்கை குறைந்துவரும் தொடக்கப் பள்ளிகளின் கட்டடங்களை என்ன செய்வது? இவற்றில் எதற்கும் கட்சி நிறம் கிடையாது. அதனால்தான் நீண்டகாலத் திட்டத்துக்கு இவை நல்ல அடித்தளம் ஆகின்றன.

இங்கே ஓர் இடர்ப்பாடும் உண்டு. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல் நடந்தது. அடுத்ததற்கான கணக்கு நாள் 2027 மார்ச் 1. அதுவரை பழைய அடிப்படையிலிருந்து நீட்டிக் கணித்த எண்களோடுதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் மாநிலத்தின் கையிலேயே பிறப்பு இறப்புப் பதிவேடுகள், குடும்ப அட்டைத் தரவு, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு, மின் இணைப்புக் கணக்கு ஆகியவை இருக்கின்றன. ஊராட்சி ஒன்றிய அளவில் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த ஊர் வளர்கிறது, எந்த ஊர் சுருங்குகிறது என்பது தெரிந்துவிடும். திட்டம் எழுதத் தொடங்குமுன் இந்த ஒப்பீட்டுக்கே தனிக் குழுவும் போதிய கால அவகாசமும் ஒதுக்குங்கள். அந்த நாட்கள் வீணாவதில்லை.

பணத்தைப் பற்றிய அத்தியாயம் இரண்டாவதாக வரட்டும்

பெரும்பாலான ஆவணங்களில் நிதி ஆதாரம் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளப்படுகிறது. 2012 மார்ச்சில் ஜெயலலிதா வெளியிட்ட ‘தொலைநோக்குத் திட்டம் 2023’ பல வகையில் மதிக்கத்தக்க முயற்சி. பதினோர் ஆண்டுக்கான பார்வையை ஒரே ஆவணத்தில் கொண்டுவந்தது. 2014-ல் வந்த அதன் இரண்டாம் பகுதி 217 திட்டங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. உட்கட்டமைப்புக்கென 2012-ல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் அதன் மைய எண்ணைச் சற்று வகுத்துப் பாருங்கள். உட்கட்டமைப்பில் 15 லட்சம் கோடி ரூபாய் முதலீடு என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 1.36 லட்சம் கோடி. அன்றைக்கு மாநில அரசின் ஓராண்டு வருவாய் வரவே ஏறத்தாழ ஒரு லட்சம் கோடிதான். தனியார் முதலீடும் வெளிக் கடனும் மத்திய நிதியும் பெருமளவில் வந்தால் மட்டுமே நிறைவேறக்கூடிய இலக்கு அது. ஆண்டுக்கு 11 விழுக்காடு வளர்ச்சி என்ற கணக்கும் அதோடு சேர்ந்திருந்தது. அடுத்து வந்த பத்தாண்டின் சராசரி வளர்ச்சி அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே அமைந்தது. இப்படிப்பட்ட ஆவணத்தை அடுத்த அரசு எளிதில் ஒதுக்கிவைத்துவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே, மாநிலத்தின் கையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கூச்சமின்றி எழுதுங்கள். 2025-26 நிதிநிலை அறிக்கை மாநிலத்தின் சொந்த வரி வருவாயை 2,20,895 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது 57,231 கோடி. கடனுக்கான வட்டி மட்டும் அந்த ஓராண்டில் 70,000 கோடியைத் தாண்டியது. அதாவது, பாலங்களுக்கும் அணைகளுக்கும் கட்டடங்களுக்கும் சேர்த்துச் செலவிடுவதைவிட, பழைய கடனுக்கு வட்டியாகச் செலுத்துவது அதிகம். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியங்கள் ஆகியவற்றைக் கழித்த பிறகு எஞ்சுவதுதான் புதிய திட்டங்களுக்கு உரியது. இருபது ஆண்டுத் திட்டத்தில் எழுதும் ஒவ்வொரு வாக்குறுதியும் அந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். இல்லையேல் மிச்சத்தைப் பெருக்கும் வழியைத் திட்டமே சொல்ல வேண்டும்.

வழிகள் அதிகமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2017-ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகு, மாநிலம் தானே விகிதம் நிர்ணயிக்கக்கூடியவை பெட்ரோல், டீசல், மதுபானம், பத்திரப் பதிவு, வாகனம், மின்சாரம் போன்ற சிலவே. மத்திய வரிப் பகிர்வோ, நிதிக் குழுவின் பரிந்துரைப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. பதிமூன்றாவது நிதிக் குழுவின் காலத்தில் 4.969 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு, பதினான்காவது குழுவின் காலத்தில் 4.023 ஆகவும், பதினைந்தாவது குழுவின் காலத்தில் 4.079 ஆகவும் இருந்தது. மாநிலங்கள் அனைத்துக்குமான மொத்தப் பகிர்வு 32-லிருந்து 42 விழுக்காடாக உயர்ந்த அதே வேளையில்தான் இந்தச் சரிவும் நேர்ந்தது. கடன் வாங்கவும் முழுச் சுதந்திரம் இல்லை. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதிதாகக் கடன் திரட்ட அதன் இசைவைப் பெற வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 293-வது பிரிவு கூறுகிறது. எனவே வருவாயை ஒரே கோடாக வரையாதீர்கள். சாதகமான நிலை, இப்போதைய போக்கு, மோசமான நிலை என மூன்று கணக்குகளைப் போட்டு, மோசமான நிலையிலும் கைவிடக்கூடாத பணிகள் எவை என்பதை முன்கூட்டியே பெயரிட்டு எழுதிவிடுங்கள். நெருக்கடி வந்த பிறகு அதை முடிவுசெய்ய முயன்றால், சத்தமாகக் கேட்பவர்களின் பணியே மிஞ்சும்.

ஒரு பணியை எழுதும் முறை

ஒரு திட்டப் பணிக்கு ஒரு வரியும் ஒரு தொகையும் மட்டும் எழுதுவது வழக்கமாக இருக்கிறது. இது போதாது. சென்னைக்கு அருகே பேரூரில் கட்டப்படும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் திறன். மதிப்பீடு ஏறத்தாழ 4,276 கோடி ரூபாய். ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவி. அறிவிப்பில் இவை இடம்பெற்றுவிடும். ஆனால் எதிர்மறைச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க, மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். அப்படியானால் முழுத் திறனில் இயங்கும்போது இந்த நிலையம் ஒரு நாளில் 12 முதல் 16 லட்சம் யூனிட் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். அந்த மின்சாரம் எங்கிருந்து வரும், அதற்கான தொகையைக் குடிநீர் வாரியம் எந்த வருவாயிலிருந்து செலுத்தும், சவ்வுகளை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வெளியேறும் உவர்நீர் கரையோர மீனவர்களின் வலையைப் பாதிக்கிறதா என்பதை யார் அளப்பார்கள் – இவை அனைத்தும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

கட்டும் செலவு ஒருமுறை வருவது. இயக்கும் செலவு ஆண்டுதோறும் வருவது. கட்டியவரின் பெயர் கல்வெட்டில் இருக்கும். இயக்குவதற்குப் பணம் தேட வேண்டியவர் அடுத்து வருபவர். பொதுவாக, ஒரு பணியின் முதல் பத்தாண்டு இயக்கச் செலவு எழுதப்படாத எந்தக் கோப்பையும் நிதித்துறை திருப்பி அனுப்ப வேண்டும் என்று திட்டத்திலேயே விதி வகுத்துவிடுவது நல்லது.

நிலத்துக்கும் இதே கண்டிப்பு தேவை. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் கொங்கு மண்டல விவசாயிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டுவந்த திட்டம். பவானி ஆற்றின் உபரிநீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஆறு நீரேற்று நிலையங்கள் மூலம் ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது என்ற வடிவம் உருவான பிறகே அது நடைமுறைக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1,916 கோடி ரூபாய் செலவில், வேறோர் அரசின் காலத்தில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குழாய்கள் பதிக்கப்பட்ட பிறகும், ஆற்றில் உபரிநீர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் இரு பாடங்கள் உள்ளன. நிலம் எடுப்பு முடியாத பணிக்கு நிறைவு ஆண்டு குறிக்கக்கூடாது. அந்த இடத்தில் ‘நிலம் கைக்கு வந்ததிலிருந்து இத்தனை மாதம்’ என்று எழுதுவதே நேர்மை. உபரிநீரை நம்பிய பணியென்றால், கடந்த முப்பது ஆண்டுகளில் எத்தனை ஆண்டு உபரி கிடைத்தது என்ற பட்டியல் மதிப்பீட்டோடு இணைக்கப்பட வேண்டும். கிருஷ்ணா நீர் விஷயத்திலும், ஆவியாவது போக 12 டி.எம்.சி. தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னாலும், அதைவிடக் குறைவாகத்தான் ஆண்டுகள் பெரும்பாலும் கழிந்திருக்கின்றன. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்ததை நாம் மறக்கக்கூடாது.

எல்லாப் பணிக்கும் பணம் தேவைப்படுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2003-ல் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அரசு செலவிட்டது சொற்பம். ஒரு சட்டத் திருத்தமும் கண்டிப்பான மேற்பார்வையும் நிலத்தடி நீரை உயர்த்தின. பின்னாளில் மேற்பார்வை தளர்ந்தபோது அந்தக் குழிகள் மண் மூடிப்போயின. சட்டத்தால் நடக்கக்கூடியதை முதலில் தேடுங்கள், ஆனால் அதைப் பராமரிக்கும் ஆட்களையும் சேர்த்தே எழுதுங்கள்.

யார் கையில் ஒப்படைப்பது

திட்டத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்தப் பகுதிதான் என்று நம்புகிறேன். ஆட்சி மாறும்போது மறையும் பணிகளையும் நிலைக்கும் பணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிலைத்தவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை இருப்பது தெரியும்: அவற்றுக்கென ஓர் அமைப்பு, ஒரு கணக்குத் தலைப்பு, அன்றாடம் அதைச் செய்யும் ஊழியர்கள் இருந்தார்கள்.

மதிய உணவைப் பாருங்கள். காமராஜர் 1956-ல் தொடங்கியதை, எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரிவாக்கினார்; கருணாநிதி அரசு 1989-ல் முட்டை சேர்த்தது; 2022-ல் ஸ்டாலின் அரசு காலை உணவைத் தொடங்கியது. இதற்கென்று அறுபது ஆண்டுத் திட்டம் எதையும் யாரும் வரையவில்லை. ஆனால் ஒவ்வொரு மையத்திலும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் இருந்தனர். பள்ளியில் சமையற்கூடம் இருந்தது. பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் இருந்தனர். எந்த அரசாலும் அதை நிறுத்த முடியவில்லை. வரும் ஒவ்வோர் அரசும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கவே விரும்பியது. அடுத்தவர் வந்து தன் பெயரில் ஒன்றைக் கூட்ட இடம் விட்டுத் திட்டத்தை வடிவமையுங்கள். இது அரசியலுக்குக் கொடுக்கும் சலுகை என்று தயங்க வேண்டாம்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இன்னொரு வகை. 1994-ல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி மூலம் வாங்கி, தரப் பரிசோதனை செய்து, மாவட்டக் கிடங்குகளில் சேமித்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் உரிய தொகையைக் கணக்கேட்டில் வரவு வைத்து வழங்குகிறது. முப்பது ஆண்டுகளில் எத்தனையோ அமைச்சர்கள் மாறினார்கள், முறை மாறவில்லை. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே மாதிரியில் தங்கள் நிறுவனங்களை அமைத்துக்கொண்டன. எனவே, திட்டத்தின் ஒவ்வோர் இலக்குக்கும் நேராக எழுத வேண்டிய பெயர் அமைச்சருடையதோ செயலாளருடையதோ அன்று. அவர்கள் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மாறிவிடுவார்கள். பொறுப்பேற்கும் கழகம், வாரியம், ஆணையரகம் எது என்றும், அதன் எந்தப் பதவி என்றும் எழுதுங்கள். அப்படி ஓர் அமைப்பு இல்லையென்றால், அதை உருவாக்குவதே முதல் ஈராண்டுப் பணி.

மாவட்டங்களைக் கேட்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அரசமைப்புச் சட்டத்தின் 243-இசட்.டி. (243ZD) பிரிவு மாவட்டத் திட்டக் குழுக்களை அமைக்கச் சொல்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் தரும் திட்டங்களை ஒருங்கிணைப்பது அவற்றின் கடமை. ஆவணத்தை அச்சிட்ட பிறகு கருத்துக் கேட்பதைவிட, பணிகளைத் தேர்ந்தெடுக்கும் முன்னரே அக்குழுக்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது பயன் தரும்: உங்கள் மாவட்டத்தில் பாதியில் நிற்கும் பணிகள் எவை? புதிய விருப்பங்களின் பட்டியல் எப்போதும் நீளம். பாதியில் நிற்பவற்றின் பட்டியலே திட்டமிடுவோருக்கு உண்மையைக் காட்டும்.

ஆண்டுதோறும் என்ன செய்ய வேண்டும்

நிதிநிலை அறிக்கை தாக்கலாகும் அதே கூட்டத்தொடரில், நீண்டகாலத் திட்டத்தின் நிலையறிக்கையும் பேரவையில் வைக்கப்பட வேண்டும். துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளில் சாதனைகள் மட்டுமே இடம்பெறுவதால், அவற்றைக் கொண்டு முன்னேற்றத்தை அளக்க இயலாது. நிலையறிக்கையில் ஒவ்வொரு பணிக்கும் நான்கு தகவல்கள் போதும்: தொடக்கத்தில் சொன்ன நிறைவுக் காலம், இப்போது எதிர்பார்க்கப்படும் காலம், தொடக்க மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு. இடைவெளி கூடுகிறது என்றால் காரணத்தை ஒரு பத்தியில் எழுத வேண்டும். பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் தலைமை ஏற்பதைப் போல, இந்த அறிக்கையை ஆராயும் பேரவைக் குழுவுக்கும் எதிர்க்கட்சியினரே தலைமை ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாளை ஆட்சிக்கு வரக்கூடியவர்கள் இன்றே அந்தக் கோப்புகளைப் படித்திருந்தால், வந்த பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க மாட்டார்கள்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை, நிதிக் குழுவின் பரிந்துரை வெளிவந்தவுடன், மூன்று வருவாய்க் கணக்குகளையும் மீண்டும் போட்டுப் பாருங்கள். கைவிட வேண்டிய பணிகளை அப்போது வெளிப்படையாகக் கைவிடுங்கள். பணியின் பெயர், இதுவரை ஆன செலவு, நிறுத்தும் காரணம், எடுக்கப்பட்ட நிலம் இனி எதற்கு என்ற விவரங்களோடு அரசாணை வெளியிட வேண்டும். ஆணையின்றி வெறுமனே ஒதுக்கீடு நிறுத்தப்படும் பணிகளில்தான் குழாய்கள் சாலையோரம் துருவேறிக் கிடக்கின்றன. நிலம் கொடுத்தவர்கள் இழப்பீட்டுக்காக வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.